கதவில்லாத அணைகள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், கார்டெல் என்ற சிற்றூருக்கு அருகே கிளவுட் கிரீக் ஓடையின் குறுக்கே 1948இல் ஒரு மண் அணை எழுந்தது. 1944ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்நாட்டில் கட்டி முடித்த முதல் சிற்றணை அதுதான். வாஷிட்டா ஆற்றின் வெள்ளத்தை, அதில் வந்து சேரும் ஓடைகளிலேயே பிடித்து நிறுத்துவது திட்டம். 1954இல் வந்த மற்றொரு சட்டம் இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. இன்று இத்தகைய அணைகள் 11,000க்கும் மேல்; ஒக்லஹோமாவில் மட்டும் 2,107.

அமைப்பு அருமையானது. பெருமழை இரவில் ஓடிவந்து ஷட்டரைத் தூக்க ஆள் வேண்டாம். நீர்ப்பக்கம் நிற்கும் கான்கிரீட் தொட்டியின் விளிம்பைத் தண்ணீர் எட்டியதும் தானாக உள்ளே விழுந்து, கரைக்கடியில் போகும் குழாய் வழியாக வெளியேறும். குழாய் சிறியது என்பதால், சில மணி நேரத்தில் பாய வேண்டிய வெள்ளம் நாள்கணக்கில் மெல்ல வடிகிறது. அதையும் மீறி ஏறினால், கரையோரம் வெட்டிய புல்தரை மறுகால் இருக்கிறது.

ஆள் வேண்டாத இந்த நிலைதான் பெரிய பலவீனமும்கூட. கரையில் முளைத்த கன்றை யாரும் பிடுங்குவதில்லை. அது மரமாகிப் பட்டுப்போனால், மட்கிய வேர்த்தடம் நீர்க்கசிவுக்கு வழிவிடுகிறது. விலங்குகள் வளை தோண்டுகின்றன. பீவர்கள் குச்சிகளால் தொட்டியின் வாயை அடைக்கின்றன. வண்டல் ஆண்டுதோறும் ஏறுகிறது. 1977 நவம்பரில் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை உடைந்து 39 பேர் மாண்டார்கள். அது இத்திட்டத்தில் கட்டியதன்று. ஆனாலும் சிறிய அணைதானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை போதும்.

கட்டுமானச் செலவின் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்றது. பராமரிப்பு உள்ளூர் அமைப்புகளின் தலையில் விழுந்தது. பெரும்பாலான அணைகளுக்குக் கணித்த ஆயுள் 50 ஆண்டு. அது முடியத் தொடங்கியபோது, 2000இல் ஒரு சட்டத் திருத்தம் சீரமைப்புச் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்க வழிசெய்தது. மரம் வெட்டவும் வளை மூடவும் அந்தப் பணம் வராது. பழுதானபின் புதுப்பிக்கக் கிடைக்கும் பணம், பழுதாகாமல் காக்கக் கிடைக்காதது திட்டத்தின் அடிப்படைக் கோளாறு.

இன்னொரு சிக்கல் கரைக்குக் கீழே இருக்கிறது. வயல்களைக் காப்பதற்கென்று குறைந்த பாதுகாப்பு அளவுகோலில் கட்டிய அணைகளின்கீழ் இன்று பல இடங்களில் வீடுகள் நிற்கின்றன. கரையில் ஒரு விரிசல்கூட விழாமலே அந்த அணை உயர் அபாய வகைக்கு மாறிவிடுகிறது. மறுகாலை அகலப்படுத்த வேண்டும், கரையை உயர்த்த வேண்டும். இந்த வீடுகளுக்கு அனுமதி தருவது ஒரு நிர்வாகம், அணைக்குப் பொறுப்பேற்பது பெரும்பாலும் இன்னொன்று. சீரமைப்புச் செலவில் எஞ்சும் 35 சதவீதத்தில், வீட்டுமனைக்கு ஒப்புதல் தந்தவர்களும் பங்கேற்க வேண்டும்.