தங்க நுரையீரல்

வில்லியே து லில்-அடமின் 'வருங்கால ஏவாள்' 1886இல் நூலாக வந்தது. செய்யப்பட்ட ஓர் உருவத்துக்கு ஆன்மா வாய்க்குமா என்பதே அதன் கேள்வி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நமக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. அலிசியாவுக்கு ஆன்மா இல்லையென்று தீர்ப்புச் சொன்னது யார்?

ஏவால்ட் என்கிற ஆங்கிலேயப் பிரபு அலிசியா என்னும் பாடகியைக் காதலிக்கிறான். உடல் வீனஸ் சிலை, மனமோ சில்லறைக்கடை என்பது அவனது முறைப்பாடு. லூவ்ருக்குக் கூட்டிப்போய் அந்தச் சிலையைக் காட்டினால், அது தன்னைப்போலவே இருக்கிறதென்றும் தனக்கென்றால் கைகள் இருக்கின்றனவென்றும் சொல்கிறாள். பிரபு கூசிப்போகிறான். நாவலில் உயிருள்ள பேச்சு இதுதான் என்று நமக்குப் படுகிறது. முன்பு ஒருவன் தன்னை ஏமாற்றியதை அவள் கண்ணீரில்லாமல், இலாப நட்டக் கணக்குப்போலச் சொல்கிறாள். பாடிப் பிழைக்கப் பார்க்கிறாள். பிழைப்பைப் பற்றிப் பேசுவது எப்போதிருந்து ஆன்மா இல்லாமையின் அடையாளமானது? குசினியில் நாள் முழுக்க இரவல் பிரெஞ்சில் நாலு வசனம் மட்டும் சொல்லி நிற்கிற நம்மைப் பார்த்தும் எவரும் இதே முடிவுக்கு வரலாம்.

எடிசன் (அன்று உயிரோடிருந்த அதே எடிசன்தான், நாவலில் மந்திரவாதிபோல வருகிறார்) அலிசியாவின் உருவத்தில் ஹடாலியைச் செய்கிறார். நுரையீரலுக்குப் பதிலாக இரண்டு தங்க ஃபோனோகிராஃப்கள். அவற்றுக்குள் பெரிய கவிஞர்களும் சிந்தனையாளர்களும் எழுதிய வசனங்கள். தோட்டத்தில் ஹடாலியை அலிசியா என்றே நம்பி ஏவால்ட் உருகுகிறான்.

ஆனால் வில்லியேக்கே இயந்திரம் போதவில்லை. நாட்டியக்காரி ஒருத்தியிடம் சிக்கிச் சீரழிந்து தற்கொலை செய்துகொண்டவனின் மனைவி அண்டர்சன். அவளை எடிசன் அறிதுயிலில் ஆழ்த்தும்போது சோவானா என்றொரு இருப்பு அவளுக்குள்ளிருந்து எழுந்து ஹடாலிக்குள் புகுகிறது. பொறிக்கு உயிர்வர, கைவிடப்பட்ட ஒருத்தி உறங்கவைக்கப்பட வேண்டியிருக்கிறது. பெண்களைப் பற்றி எடிசன் ஆற்றும் நீண்ட பிரசங்கங்கள் சலிப்பூட்டுபவை, பல இடங்களில் அருவருப்பானவை. இந்த இடத்தில் மட்டும் நாவல் தன் ஏளனத்தை மீறிவிடுகிறது.

கடைசியில் கப்பல் தீப்பற்றுகிறது. அலிசியாவும் இறக்கிறாள், ஹடாலியும் அழிகிறாள். ஏவால்டின் தந்தியில் துக்கம் ஹடாலிக்கு மட்டுமே.

நாவலோடு அதை எழுதியவரின் முடிவையும் சேர்த்து வாசிக்கவே தோன்றுகிறது. வறுமையில் உழன்ற வில்லியே 1889இல் பாரிசில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, மலார்மே முதலான நண்பர்களின் முயற்சியால் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் மரி டான்டின், அவரது மகனின் தாய். எழுத்தறியாதவள். பதிவேட்டில் கையெழுத்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை.