அந்த மூன்று விநாடி

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி-யில் மறுபடியும் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்'. கல்யாண வீட்டில் ஸ்ரீதேவி எழுந்து இங்கிலீஷில் பேசும் கடைசிக் காட்சி வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால், ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, அந்தப் பேச்சுதான் படத்தின் பலவீனம் என்று தோன்றியது.

கௌரி ஷிண்டே இயக்கி 2012-ல் வந்த படம். புனேயில் லட்டு செய்து விற்கும் சசிக்கு இங்கிலீஷ் வராது. 'ஜாஸ்' என்பதைத் தப்பாகச் சொன்னதற்கு மகளும் கணவனும் சிரிக்கிறார்கள். நியூயார்க் போன இடத்தில் ஒரு காபி வாங்க முடியாமல் அழுதுகொண்டே வெளியே ஓடுகிறாள். அப்புறம்தான் நான்கு வார இங்கிலீஷ் வகுப்பில் சேருகிறாள்.

அங்கே ஒரு சின்னக் காட்சி. வகுப்பில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, லட்டு செய்து விற்பதைத் தட்டுத் தடுமாறிச் சொல்கிறாள் சசி. ஆசிரியர் டேவிட் இலக்கணப் பிழையைப் பிடிக்கவில்லை. 'அப்படின்னா நீங்க ஆன்ட்ரப்ரனர்' என்கிற மாதிரி ஒரு வார்த்தையை எடுத்துக் கையில் கொடுக்கிறார். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி தெருவில் நடக்கிறாள் சசி. என்னைக் கேட்டால் கிளைமாக்ஸ் அதுதான். அவளுக்குத் தெரிந்ததைப் பற்றிக் கேட்டார்கள். சிரிக்காமல் கேட்டார்கள். வாய் திறந்துவிட்டது!

ஆனால், படம் அதோடு நிற்கவில்லை. நாலு வாரத்தில் மேடைப் பேச்சு, கைதட்டல், பாஸ்! நம்ம பள்ளிக்கூடங்களும் இதைத்தானே செய்கின்றன? 'உங்க பொண்ணு ரொம்ப சைலன்ட் சார். வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க' என்பார்கள். தமிழில் பேசினால் ஃபைன். ஆண்டு விழாவில் மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பிக்கவைத்து, 'பாத்தீங்களா, பேசிட்டா!' பேசவில்லை ஐயா, ஒப்பித்தாள்.

தமிழ் மீடியத்திலிருந்து பி.காம் போன எனக்கு முதல் வருஷம் வகுப்பில் வாயே கிடையாது. அக்கவுன்ட்டன்ஸியில் 'குட்வில்' பாடம். சரக்கின் மதிப்பைவிட அதிகம் கொடுத்து ஒருத்தர் ஏன் கடையை வாங்கணும் என்று கேட்டார் சார். எங்கள் தெரு மளிகைக் கடை ஞாபகம் வந்தது. பதில் தெரியும், இங்கிலீஷ் இல்லை. 'தமிழ்லயே சொல்லுய்யா' என்றார். கடைக்குப் பழகின ஜனத்தைப் பற்றிச் சொன்னேன். அதையே இரண்டு வரி இங்கிலீஷில் அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிக்கவிடவில்லை. அடுத்த வாரம் நானாகக் கை தூக்கினேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970-களில் வகுப்பறைகளை டேப்பில் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். தாய்மொழியில் யோசித்து இன்னொரு மொழியில் சொல்ல வேண்டிய குழந்தைக்கு அந்த ஒரு விநாடி எந்த மூலைக்கு?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் 'ரொம்ப சைலன்ட்' என்று சொன்னால், தலையைக் குனியாதீர்கள். மரியாதையாகவே கேளுங்கள்: 'கேள்வி கேட்டுட்டு எத்தனை விநாடி காத்திருக்கீங்க, மேடம்?'