எண்ணூர் கழிமுகத்துக்கு எந்தப் படிவம்?

புளியந்தோப்பு வழியா ஓடுற ஓட்டேரி நல்லா, பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேருது. கால்வாயின் வடக்குப் பகுதி எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போகும். எங்க ஏரியா சாக்கடைக்கும் எண்ணூர் கூழைக்கடாவுக்கும் இப்படி ஒரு சொந்தம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்து, அந்தப் பறவைகளின் இறகெல்லாம் கறுப்பானது. அப்போதான், இந்த இடத்தை மீட்க மத்திய நிதி கேட்கலாமான்னு விதிகளை எடுத்துப் படிச்சேன்.

முதலில் 2017 ஈரநில விதிகள். ஆற்றுப் போக்கு, நெல் வயல், உப்பு விளைவிக்கக் கட்டின பாத்தி, இதெல்லாம் வரையறையிலேயே 'ஈரநிலம்' கிடையாது. மீதியிலும் ராம்சார் தலங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் விதி பொருந்தும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்தா அதுவும் வெளியே. எண்ணூரில் இருக்கிறது என்ன? கொசஸ்தலையாறு, அலை ஏறி இறங்குற கழிமுகம், உப்பளம். ஒவ்வொன்னுக்கும் ஒரு விலக்கு தயாரா இருக்கு. நிரலில் இப்படி நிபந்தனை எழுதினா, கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிடுவாங்க.

விதி வேறு, நிதி வேறு என்பது சரிதான். நிதி தருவது 2013-ல் தொடங்கின தேசிய நீர்வாழ் சூழலமைப்புப் பாதுகாப்புத் திட்டம். பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. ஆனா முன்மொழிவு மாநில அரசு வழியாத்தான் போகணும். அறிவிக்கையே ஆகாத இடத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதி, 40 பங்கையும் ஒதுக்க எந்தத் துறை முந்திக்கொண்டு வரும்? 2025 பிப்ரவரி கணக்கில் தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள். 2022-ல் பள்ளிக்கரணை சேர்ந்தது. எண்ணூர் இல்லை, சரணாலயமா இருக்கிற பழவேற்காடுகூட இல்லை. கடலோர மண்டல அறிவிக்கை எதைக் கட்டக்கூடாதுன்னு சொல்லும்; சாம்பல் படிந்த சேற்றைச் சீர்செய்யப் பணம் தராது.

இதைவிட என்னை உறுத்துறது மிஷ்டி. 2023 மத்திய பட்ஜெட்டில் வந்த அலையாத்தித் திட்டம். கடலோரத்திலும் உப்பளங்களிலும் மரம் நடலாம். நூறு நாள் வேலை, காடு வளர்ப்பு ஈட்டு நிதி எல்லாத்தையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்னு அப்போ அறிவிச்சாங்க. அதாவது ஈரநிலம்னு ஒத்துக்காத உப்பளம், மரம் நடும்போது மட்டும் தகுதி பெறுது! உள்ளான்களுக்கு வேண்டியது திறந்த சேறும் கணுக்காலளவு தண்ணியும். கண்ணை மறைக்கிற மரத்தடியில் அவை இரை தேடாது. அலையாத்தி வேண்டாம்னு சொல்லலை. மீனுக்கு, இறாலுக்கு, புயலுக்கு அது தேவை. ஆனா நட்ட கன்றை எண்ணுறது சுலபம், வெறும் சேற்றில் இறங்குற பறவையை எண்ணுறது கஷ்டம். சுலபமா எண்ண முடிஞ்சதுக்கே காசு போகுது.

அமெரிக்காவில் 1989-ல் ஒரு ஈரநிலச் சட்டம் வந்தது. வலசைப் பறவைக்கு இந்த நிலம் உதவுமா என்பதுதான் அங்கே அடிப்படைக் கேள்வி. மத்திய அரசின் ஒரு டாலருக்கு, வெளியிலிருந்து ஒரு டாலராவது திரட்டிக் காட்டணும். தொண்டு அமைப்பும் விண்ணப்பிக்கலாம். அதிலும் குறை உண்டு: எண்ணூர் மீனவர் அந்த ஈட்டுப் பணத்துக்கு எங்கே போவார்? அவர் வலையிழக்கிற நாட்களையும் உழைப்பையும் பங்காக் கணக்கு வைக்கணும்.

எண்ணூர் உப்பளத்தில் கன்று நடுறதுக்கு முன்னாடி, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு வலசைக் காலம் முழுக்கப் பறவைகளை எண்ணிடணும். இப்போதைக்கு நான் கேட்கிறது, அந்த எண்ணிக்கையை எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம்.