வாங்கிய பின் இறங்கும் விலை: வித்தியாசம் யார் கணக்கில்?

தாம்பரம் முதல் முடிச்சூர் வரை லேப்டாப் வாங்குவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் மாதம்தான் அது. மேற்குத் தாம்பரம் சாய்ராம், வண்டலூர் கிரசென்ட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். என்று பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் அந்த மாதத்தில் கடை ஏறுகிறார்கள். சில வாரங்களில் அமேசான், ஃப்ளிப்கார்ட் பண்டிகை விற்பனை வந்துவிடுகிறது. 2023இல் அக்டோபர் 8, 2024இல் செப்டம்பர் 27, 2025இல் செப்டம்பர் 23 என இரு நிறுவனங்களும் ஒரே நாளில்தான் கடை விரித்தன. கையில் இருக்கும் அதே லேப்டாப் ஐயாயிரம் ரூபாய் குறைவாகத் திரையில் தெரியும்போது வாங்கியவருக்கு வயிறு எரிகிறது.

அந்த எரிச்சலில் நியாயம் எவ்வளவு? கடைக்காரரிடம் வித்தியாசத்தைக் கேட்க உரிமை உண்டா? உண்டென்றால் எத்தனை நாள் வரை, யாரிடம்? இதைக் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எடைபோட வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு ஐயாயிரம் என்பது பிள்ளையின் இரண்டு மாத பஸ் கட்டணம், செமஸ்டர் புத்தகம். சிறிய தொகை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

முதலில் விலை உண்மையிலேயே இறங்கியதா என்று பார்க்க வேண்டும். பில்லை எடுத்து விரித்தால் மாடல் எண் இருக்கும். அதன் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில்தான் வேறுபாடு ஒளிந்திருக்கும். அதே பெயர், அதே நிறம், அதே பிராசஸர் என்றாலும் ஒன்றில் 16 ஜிபி ரேம், மற்றதில் 8 ஜிபி இருக்கலாம். ஒன்றின் திரை மங்கலாக இருக்கலாம். ஒன்றில் ஆபீஸ் மென்பொருள் வாழ்நாளுக்கு, மற்றதில் ஓராண்டுக்கு மட்டும் இருக்கலாம். அடுத்து, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் விலையில் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு தள்ளுபடியும், பழைய லேப்டாப்பைக் கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் தொகையும் சேர்ந்திருக்கும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றாலும் பிராசசிங் கட்டணமும், வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் தனியாக வரும். அந்தக் கார்டு உங்களிடம் இல்லையென்றால் அந்த விலை உங்களுக்கான விலையே இல்லை. இவற்றைக் கழித்துப் பார்த்தால் ஐயாயிரம் பல நேரங்களில் ஆயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிவிடும். சுருங்காமல் நிற்கும் தொகையைப் பற்றித்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

விற்பவர் தரப்பு வலுவானது. விலை என்பது அன்றைய தேதியில் இருவர் ஒத்துக்கொண்ட தொகை. தங்கம் வாங்கிய மறுநாள் கிராமுக்கு நூறு ரூபாய் இறங்கினால் யாரும் நகைக்கடைக்குப் போய் வித்தியாசம் கேட்பதில்லை. விலை ஏறினால் கூடுதல் தொகையைக் கட்டவும் யாரும் முன்வருவதில்லை. லேப்டாப்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘க்ரூஷியல்’ நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பே லேப்டாப் வாங்கியவர்கள் லாபம் அடைந்தார்கள். அந்த லாபத்தில் பங்கு கொடு என்று கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. ஏற்றத்தில் பங்கு தராதவர் இறக்கத்தில் பங்கு கேட்கலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தங்கத்திலேயே இருக்கிறது. தங்க விலை ஊரறிந்த விலை. நாளை ஏறுமா இறங்குமா என்பது கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நிற்பதால் அந்த ஒப்பந்தம் நேர்மையாகிறது. லேப்டாப் விலை அப்படி எப்போதும் இருப்பதில்லை. சில இறக்கங்கள் யார் கையிலும் இல்லாதவை. சில இறக்கங்களுக்குத் தேதி குறித்தவரே விற்பவர்தான். எனவே விலை ஏன் இறங்கியது, அது யாருக்கு முன்பே தெரியும் என்ற இரண்டு கேள்விகளை உரைகல்லாக வைத்து ஒவ்வொரு வகையையும் உரசிப் பார்க்கலாம்.

முதல் வகை, வரி. ஜிஎஸ்டி சீரமைப்பு வரும் என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28இலிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. வரிக்கு முன் 25,000 ரூபாய் உள்ள டிவி, முதல் நாள் 32,000, மறுநாள் 29,500. லேப்டாப்புக்கு முன்பும் 18, பின்பும் 18 என்பதால், வரி குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் டிவி வாங்கியவருக்கு இழப்பு உண்மையானது. ஆனால் அந்த 28 விழுக்காடு கடைக்காரரின் கல்லாவில் இல்லை, அரசிடம் போய்விட்டது. செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. இங்கே கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை, எதையும் வைத்துக்கொள்ளவுமில்லை. அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் வகை, புதிய தலைமுறைச் சில்லு. ஒவ்வொரு ஜனவரியிலும் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் புதிய பிராசஸர்கள் வருகின்றன. அவை கடைக்கு வரும்போது பழைய சரக்கின் விலை இறங்குகிறது. அறிவிப்பு பொதுவெளியில் இருப்பதால் இதில் வாங்குபவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆனால் ‘இதுதான் லேட்டஸ்ட்’ என்று சொல்லி முந்தைய தலைமுறையை விற்றிருந்தால் கதை வேறு. அது பொய்த் தகவல்.

மூன்றாம் வகை, விற்பவரே வகுத்த விற்பனை. இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கிறது. பண்டிகைத் தள்ளுபடி திடீரென்று பெய்யும் மழை கிடையாது. பிராண்டும் பெரிய விற்பனைத் தளமும் மாதக்கணக்கில் பேசி, எந்த மாடலை எத்தனைக்குத் தருவது என்று முடிவு செய்து, சரக்கைக் கிடங்கில் நிரப்பி வைத்துக்கொண்டுதான் தேதியை அறிவிக்கின்றன. அந்த முடிவை எடுத்தவருக்கு, இரண்டு வாரம் முன்பு அதே மாடலை முழு விலைக்கு வாங்குபவர் இழக்கப்போவது தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. தங்கத்தில் இருந்த சம இருட்டு இங்கே இல்லை.

இதைவிட அழுத்தமான சான்று வணிகத்துக்குள்ளேயே இருக்கிறது. மின்னணுப் பொருள் வணிகத்தில் ‘பிரைஸ் புரொடெக்‌ஷன்’ என்ற வழக்கம் உண்டு. பிராண்டு விலையைக் குறைத்தால், முந்தைய விலைக்கு எடுத்து இன்னும் விற்காமல் வைத்திருக்கும் சரக்குக்கான வித்தியாசத்தை டீலருக்குக் கிரெடிட் நோட்டாகக் கொடுப்பது. நேற்று எடுத்த சரக்கு இன்று விலை இறங்கினால் அந்தச் சுமை டீலர் தலையில் விழக் கூடாது என்பதே அதன் நியாயம். அதாவது, விலை இறக்கத்தால் சமீபத்தில் வாங்கியவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த வணிகம் தனக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான முடிச்சூர்க் குடும்பத்துக்கு மட்டும் அது நீள்வதில்லை.

டீலர் அந்தச் சரக்கைப் பிரிக்கவில்லை, குடும்பமோ பெட்டியைப் பிரித்துப் பயன்படுத்துகிறது என்று எதிர்வாதம் வரும். நேர்மையான வாதம்தான். அதற்கு விலை போட்டுப் பார்க்கலாம். 55,000 ரூபாய் லேப்டாப் ஐந்தாண்டு உழைக்கும் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 30 ரூபாய். இருபது நாள் பயன்பாட்டின் மதிப்பு 600. விலை ஐயாயிரம் இறங்கியிருந்தால் 4,400 ரூபாய் விளக்கமின்றி நிற்கிறது. ‘அத்தனை நாள் பயன்படுத்தினீர்களே’ என்ற சமாதானம் அந்த இடைவெளியை அடைக்கப் போதாது. அதே கணக்கு வாங்குபவருக்கும் ஒரு வரம்பு போடுகிறது. ஐந்தாறு மாதம் போனால் பயன்பாட்டின் மதிப்பே ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். அப்போது கேட்க ஒன்றும் மிஞ்சாது.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 2007 ஜூன் 29 அன்று வந்த முதல் ஐஃபோனின் 8 ஜிபி மாடல் 599 டாலர். செப்டம்பர் 5 அன்று ஆப்பிள் அதை 399 ஆக்கியது. வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முன்பு வாங்கியவர்களுக்கு 100 டாலர் கடைக் கிரெடிட் அறிவித்தார். கடைசி 14 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு ஆப்பிளின் விதிப்படியே வித்தியாசம் முழுதாகக் கிடைத்தது. தொழில்நுட்பத்தில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும் என்று அதே கடிதத்தில் அவர் வாதாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் பக்கச் சட்ட நியாயத்தை விட்டுக்கொடுக்காமலே, வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டார். இதற்கு மறுதுருவம் டெஸ்லா. 2023 ஜனவரியில் சீனாவில் கார் விலையைக் குறைத்தபோது, சமீபத்தில் வாங்கியவர்கள் ஷோரூம்களில் திரண்டு போராடினார்கள். நிறுவனம் ஈடு தர மறுத்தது. சட்டப்படி இரண்டுமே சரி. வணிக அறத்தின்படி ஆப்பிள் செய்ததே சரி. இன்றும் அமெரிக்காவில் ஆப்பிள் 14 நாளுக்குள் விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தருகிறது. நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் சட்டம் எதுவரை துணை வரும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. விலை இறங்கியது குறைபாடு ஆகாது. எனவே அந்தப் பிரிவு இங்கே உதவாது. ஆனால் அதே சட்டத்தில், ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்குவதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். “தீபாவளிக்கும் இதே ரேட்தான் சார், இதைவிடக் குறையாது” என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, மறுவாரம் அதே கடை விலையைக் குறைத்தால், அந்தச் செய்தி வாதாடுவதற்கான ஆவணம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். முடிச்சூர்க்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. வாயால் மட்டும் சொன்னதை மெய்ப்பிப்பது கடினம். எழுத்தில் இருந்தால் எளிது.

இன்னொரு வழியும் பலர் காதில் ஓதுவார்கள். திரையில் கோடு தெரிகிறது, சூடாகிறது என்று இல்லாத கோளாறைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த விலைக்கு மறுபடி வாங்குவது. இது தவறு. நம் ஊரில் பல இணையத் தளங்கள் லேப்டாப்புக்குப் பணத்தைத் திருப்பித் தராமல் மாற்றுப் பொருள் மட்டும் தருவதற்கு இப்படிப்பட்ட பொய்ப் புகார்களும் ஒரு காரணம். உண்மையிலேயே கோளாறான லேப்டாப்போடு நிற்கும் அடுத்த மாணவர்தான் அந்தப் பொய்க்கு விலை கொடுக்கிறார்.

தீர்ப்பைச் சொல்லலாம். வரியாலோ, புதிய சில்லாலோ இறங்கிய விலைக்கு வாங்கியவர் யாரிடமும் வித்தியாசம் கேட்க நியாயமில்லை. விற்பவரே முன்கூட்டித் தீர்மானித்த தள்ளுபடியில் நியாயம் உண்டு. அது 15 நாள் வரை முழுதாகவும், 30 நாள் வரை பாதியாகவும் இருக்கலாம். அதற்குமேல் இல்லை. அந்தப் பொறுப்பு முடிச்சூர் சாலையில் ஒற்றை ஷட்டர் வைத்திருக்கும் சிறு கடைக்காரருடையது அன்று. அவருக்குத் தள்ளுபடி விலையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை, ஐயாயிரத்தைத் தாங்கும் லாபமும் இல்லை. விலையைத் தீர்மானித்த பிராண்டும் பெரிய விற்பனை நிறுவனமும்தான் தர வேண்டும். யார் எப்போது வாங்கினார்கள் என்று தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. ஒவ்வொரு லேப்டாப்பின் வாரண்டியும் சீரியல் எண்ணையும் பில் தேதியையும் வைத்தே நடக்கிறது. டீலரின் சரக்குக்குக் கிரெடிட் நோட் போடும் அதே பதிவேட்டைக் கொண்டு, கடைசி 30 நாளில் விற்ற பொருளுக்கும் போட முடியும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், தள்ளுபடி என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்டியாக வேண்டும். எம்.ஆர்.பி.யை உயர்த்தி எழுதிவிட்டு அதிலிருந்து நாற்பது விழுக்காடு தள்ளுபடி என்று முழங்கும் வித்தைக்கு அது கடிவாளம். நம் சட்டத்திலும் அது வர வேண்டும். வந்தால் உண்மையான இறக்கம் எது, விளம்பர இறக்கம் எது என்று வாங்குபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியது இது. பணம் கட்டுவதற்கு முன், இந்த மாடலுக்கு அடுத்த 30 நாளில் விலை குறைந்தால் வித்தியாசம் தருவீர்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வகுப்புக்கு உடனே தேவையென்றால் வாங்க வேண்டும், தேவையில்லையென்றால் பண்டிகை விற்பனை வரை பொறுக்க வேண்டும். விலை இறங்கினால் அதே வாரம் பில்லோடும் மாடல் எண்ணோடும் பிராண்டுக்கும் விற்பனை நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்க வேண்டும். முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும். டீலர்கள் தங்களுக்கான விலைப் பாதுகாப்பைப் பெற்றிருப்பதும் கேட்டுத்தான். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினால், பிராண்டுகள் பதில் சொல்லியே தீர வேண்டியிருக்கும்.