ஒரே சரத்தில் நான்கு சேதி

டேட்டாஸ்டேஜில் ஏதாவது ஒரு ஜாப்பைத் திறந்து அதன் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போங்கள். 'பிஃபோர்-ஜாப் சப்ரொட்டீன்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் அருகே 'இன்புட் வேல்யூ' என்று ஒரே ஒரு கட்டம். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்கான ஓட்டம், முழு லோடா மாற்றங்கள் மட்டுமா, தவறினால் யாருக்கு மெயில் போக வேண்டும் என்று நான்கு சேதி சொல்ல வேண்டும். இடமோ ஒன்று. பலர் இங்கே அலுத்துக்கொள்வார்கள். எனக்கு ரசனை தொடங்குவதே இங்கேதான்.

ரொட்டீனின் தலைப்பு வரியைப் பாருங்கள். அடைப்புக்குள் இரண்டே பெயர்கள்: இன்புட்ஆர்க், எரர்கோட். முதலாவது உள்ளே வருவது, இரண்டாவது வெளியே போவது. எரர்கோட் 0 என்றால் ஜாப் ஓடும். வேறு எண் என்றால் தொடங்கும் முன்பே நின்றுவிடும். ட்ரான்ஸ்ஃபார்ம் ஃபங்ஷனுக்கு எத்தனையோ ஆர்க்யுமென்ட் கொடுக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எழுதுபவர் நான்கையும் ஒரே சரமாகத் தொடுத்து அனுப்பி, உள்ளே பிரித்தெடுக்கிறார். 'ஃபீல்டு' என்ற ஃபங்ஷனிடம் சரம், பிரிப்பான், எத்தனையாவது துண்டு என்ற மூன்றையும் சொன்னால் அந்தத் துண்டு கையில் வரும்.

அடுத்து பிரிப்பானைக் கவனியுங்கள். எழுதியவரின் முன்யோசனை அந்த ஒற்றைக் குறியில் தெரிந்துவிடும். நான் பராமரித்த ஒரு ஜாப்பில் காற்புள்ளி வைத்திருந்தார்கள். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் வாடிக்கையாளர் பெயரிலேயே காற்புள்ளி வந்தது. பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் தள்ளிப் போய், தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் உட்கார்ந்திருந்தது. பைப் குறிக்கு மாற்றினோம். (உள்ளே வந்த சரத்தை அப்படியே ஷெல்லுக்குத் தருகிற எக்ஸெக்எஸ்ஹெச் ரொட்டீனில் அதே பைப் வேறு வேலை செய்யும். இடம் பார்த்துத்தான் குறி.)

இந்த ஃபீல்டுக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1965-இல் டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டிக் பிக், டான் நெல்சன் இருவரும் செயென் ஹெலிகாப்டரின் உதிரிபாகக் கணக்குக்காக உருவாக்கியதிலிருந்து பிக் சிஸ்டம் வளர்ந்தது. அந்த வழியில் வந்தது யுனிவர்ஸ். அதை உருவாக்கிய விமார்க் நிறுவனத்தில்தான் டேட்டாஸ்டேஜும் பிறந்தது. 2005-இல் ஐபிஎம் கைக்கு வந்தது. பிக்கில் ஒரு ரெக்கார்டே ஒரு சரம்தான்: ஃபீல்டுகளுக்கு நடுவே 254-ஆம் எழுத்து, அதற்குள் மதிப்புகளுக்கு நடுவே 253, அதற்கும் உள்ளே 252. ஆங்கிலத்தில் யாரும் தட்டச்சு செய்யாத எழுத்துகளாகப் பார்த்து எடுத்தார்கள். லத்தீன்-1 குறியீட்டில் 254 என்பது ஐஸ்லாந்து மொழியின் 'தோர்ன்' எழுத்து என்பதை எண்ணிப் பார்த்தால், மோதவே மோதாத பிரிப்பான் கிடைப்பது எவ்வளவு அரிது என்று புரியும்.

நல்ல ரொட்டீனில் ஃபீல்டுக்கு முன்பாகவே 'டிகவுன்ட்' நிற்கும். இதுதான் என்னை மிகவும் கவர்கிற வரி. வேண்டுமென்றே வெறுமையாக விட்ட துண்டுக்கும், அனுப்பவே மறந்த துண்டுக்கும் ஃபீல்டு ஒரே பதிலைத்தான் தரும்: வெற்றுச் சரம். எத்தனை துண்டு வந்தது என்று டிகவுன்ட் எண்ணிச் சொன்னால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். நான்குக்குக் குறைந்தால் லாகில் ஒரு வரி எழுதி, எரர்கோடை 1 ஆக்கித் திரும்பிவிடுகிறவர், நடுராத்திரியில் ஜாப் பார்க்கப்போகும் முகம் தெரியாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்.

உங்கள் ப்ராஜெக்டில் இப்படி ஒரு ரொட்டீன் இருந்தால், அதை அழைக்கும் ஒரு சோதனை ஜாப்பை ஓட்டிப் பாருங்கள். இன்புட் வேல்யூவில் பாதை, தேதி, அடுத்து நடுவே ஒன்றுமே இல்லாமல் ஒட்டியபடி இரண்டு பைப், கடைசியில் மெயில் முகவரி. மூன்றாவது வெறுமையாக வந்து, முகவரி நான்காவது இடத்திலேயே அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.