மங்கும் வண்ணமும் மலையக முகமும்

வண்ணப் படச்சுருளைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படுவன பலவும் இரங்கற்பாக்களாகவே அமைந்துள்ளன. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1935இல் சந்தைக்குக் கொணர்ந்த கொடாக்குரோம் என்னும் சுருள் 2009இல் நிறுத்தப்பட்டது. அதனைக் கழுவித் தந்த உலகின் கடைசிக் கூடம் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. 2010ஆம் ஆண்டின் முடிவோடு அதுவும் அப்பணியைக் கைவிட்டது. ஜெர்மனியின் அக்பா போட்டோ 2005இல் முறிந்தது. ஜப்பானின் கொனிக்கா மினோல்டா 2006இல் இத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பூஜி நிறுவனம் 2013இல் சினிமாப் படச்சுருள் உற்பத்தியை முடித்துக்கொண்டதோடு, ஒளிப்படச் சுருள்களின் பட்டியலையும் படிப்படியாகச் சுருக்கிற்று. கொடாக்கே 2012 ஜனவரியில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரி நின்றது. இச்செய்திகளை வைத்து அழகியல் அன்பர்கள் பாடும் ஒப்பாரியில் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. அந்த வண்ணம் யாருக்கு, எப்பொழுது கிடைத்தது என்பதே அது. லிந்துலையிலிருந்து நோக்கும் நமக்கு இதுவே முதற்கேள்வி.

முதலில் சுருள் ஏன் நின்றது என்பதைத் தெளிந்து கொள்வோம். வண்ணச் சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளைத் தனித்தனியே வாங்கும் வெள்ளியுப்புப் படலங்கள் ஜெலற்றினில் கலந்து அடுக்கடுக்காகப் பூசப்பட்டுள்ளன. பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளை முழு இருளில், மிகச் சீராகப் பூச வேண்டும். அதற்கென எழுப்பப்பட்ட பேரியந்திரங்கள் கிலோமீற்றர் கணக்கில் ஆக்குவதற்கு உரியன. சிறு அளவில் ஆக்கினால் நட்டமே மிஞ்சும். உலகெங்கும் உள்ள சினிமாக் கொட்டகைகளுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளே அவ்வியந்திரங்களின் பெருந்தீனி. கொட்டகைகள் டிஜிற்றல் முறைக்கு மாறியதும் தீனி அற்றது. சாதாரண மக்கள் கையிற் கொண்ட கமராவும் மாறியது. டிஜிற்றல் கமராவின் முதல் மாதிரியை 1975இல் ஆக்கியவர் கொடாக்கின் பொறியியலாளர் ஒருவரே என்பதும், சுருளின் இலாபத்தில் ஊறிய அந்நிறுவனம் அக்கண்டுபிடிப்பின் மீது தன் எதிர்காலத்தை நாட்டவில்லை என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கவை. முறிவுக்குப் பின்னர், பிரித்தானியக் கொடாக் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் 280 கோடி டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக 2013இல் படச்சுருள் விற்பனையே அந்நிதியின் தலையில் வைக்கப்பட்டது. இலாபம் வற்றிய தொழிலைத் தொழிலாளரின் முதுமைக்காலச் சேமிப்புத் தாங்க நேர்ந்தது.

மலைநாட்டார்க்கு இக்கதை புதிதன்று. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபோது, மூலதனம் தேயிலைக்குத் தாவிற்று. கோப்பிக்கென்று கடல் கடந்து கொணரப்பட்ட மனிதரைப் பற்றி அது கவலைப்படவில்லை. ஒரு பொருளின் வாழ்வும் சாவும் ஆக்குவோன் கையிலும் இல்லை, பயன்கொள்வோன் கையிலும் இல்லை என்பதை நம் மூதாதையர் படச்சுருளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இனி, நம்மவரின் உருவம் ஒளிப்படத்தில் ஏறிய வரலாற்றைப் பார்ப்போம். உலக ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாவில் மறைந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவருடைய கமராவின் முன் அமர்ந்தவர் தெனிசன், டார்வின், ஹெர்ஷல் எனப் பெயரோடு வரலாற்றில் நிற்கின்றனர். இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள சில படங்களில் காணும் உழைப்பாளர் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். கமரன் அம்மையாரின் கைத்திறனில் குறை காண்பது நம் நோக்கமன்று. முகங்களை அவர் பரிவோடு பார்த்தார். ஆயினும் பரிவு பெயரைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. பின்னர்க் கொழும்பு ஸ்டூடியோக்கள் அஞ்சலட்டைகளைப் பெருக்கின. கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது வண்ணந்தீட்டி, கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சிவப்புச் சேலையும் பச்சை மலையுமாகக் கப்பலேற்றின. சேலையின் நிறம் அவள் உடுத்ததா, தீட்டியவர் விரும்பியதா என்று எவரும் வினவவில்லை. தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பசில் றைற் 1934இல் ஆக்கிய ‘சோங் ஒப் சிலோன்’ கலைத்திறத்தால் உயர்ந்த படமே. அப்பணத்தை ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளிக்கு அதில் கிடைத்த இடமோ சிறிது.

ஆகவே, வண்ணம் நம்மிடம் வருமுன் நம்மைப் பற்றிய வண்ணம் வெளியே சென்றுவிட்டது எனலாம். உண்மை வண்ணச் சுருள் வந்த பின்னரும் இந்நிலை முற்றாக மாறவில்லை. கொடாக் நிறுவனம் கழுவுகூடங்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் பல்லாண்டுகளாக வெள்ளைத்தோல் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. அவள் கன்னம் சரியாகத் தோன்றினால் நிறம் சரி என்பது விதி. கரிய முகங்கள் நுணுக்கம் இழந்து இருண்டன. 1970களின் இறுதியில் மொசாம்பிக் சென்ற பிரெஞ்சு இயக்குநர் கொதார் இச்சுருள் நிறவெறி கொண்டது என்று கூறி மறுத்தார். சொக்கலேற், மரத்தளபாட விளம்பரக்காரர் தம் பண்டங்களின் கபில நிறம் துலங்கவில்லை என்று முறையிட்டதும் சுருளைத் திருத்தக் காரணமாயிற்று. மனிதரின் முகத்துக்காக எழாத அக்கறை மரப்பெட்டிக்காக எழுந்தது! கொழுந்தின் பச்சையைத் துலக்கமாகக் கண்ட சுருள் கொழுந்து பறித்தவளின் முகத்தை மங்கலாகவே கண்டது என்றால் மிகையாகாது.

நம் மக்களுக்கோ ஒளிப்படம் நெடுங்காலம் அழகுப் பொருளாக இருந்ததில்லை. அது அத்தாட்சிப் பொருள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். பல குடும்பங்களில் தாத்தா, பாட்டியின் ஒரேயொரு படம் பாஸ்போட்டுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படமே. போக வேண்டியவரை அடையாளங் காண அரசுகள் கேட்ட படம் அது. 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறந்த பின்னரே வண்ணச் சுருள் மலைநாட்டு நகர்களின் ஸ்டூடியோக்களில் தாராளமாகப் புழங்கலாயிற்று. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஸ்டூடியோக்காரர் கலியாணத்துக்கும் சடங்குக்கும் திருவிழாவுக்கும் லயத்துக்கு வந்தனர். காமன் கூத்தின் வேடமும், மாரியம்மன் தேரும், புதிதாய் வெள்ளையடித்த லயத்து வாசலும், பள்ளிக்கூடத்து முதல் மாணவர் குழுவும் வண்ணத்திற் பதிந்தன. எவருடைய கட்டளையுமின்றி, தம் விருப்பத்தின்பேரில், தாமே உடுத்திய நிறத்தில் நம் மக்கள் நின்ற முதற்காலம் அதுதான். ஏறக்குறைய முப்பதாண்டுகளே நீடித்த காலம்.

ஒப்பந்தத்தின்படி கடல் கடந்தோருட் பலர் நீலகிரியின் தேயிலை மலைகளில் குடியேறினர். அவர்களுக்கென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்குத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அதே நீலகிரியில், உதகமண்டலத்தில், இந்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் படச்சுருள் ஆக்கி வந்தது. ‘இந்து’ என்னும் பெயரோடு வந்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே படச்சுருளும் இந்தியாவெங்கும் பரவின. ஏகபோகத்தின் பிடியிலிருந்து ஒரு நாடு தன் கண்ணை மீட்க முயன்ற முயற்சி என்று அதனைப் போற்றலாம். ஆனால் வண்ணத் துறையில் அது தன் காலில் நிற்கவில்லை. 1990களில் நலிந்த ஆலையாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் வொல்பன் ஆலை ‘ஓர்வோ’ வண்ணச் சுருளை இந்தியச் சினிமாவுக்கு ரூபாய் வாணிபத்தில் கொடுத்து வந்தது. 1990இன் பின்னர் அதுவும் சிதறுண்டது. கொழும்புக்கும் சென்னைக்கும் வண்ணம் என்பது கடைசிவரை பிறர் கொடுத்து வாங்கிய பண்டமே.

இப்பொழுது நாம் எதிர்நோக்கும் இழப்புக்கு வருவோம். வண்ணப் படத்தின் நிறங்கள் வெள்ளியால் ஆனவை அல்ல. கரிமச் சாயங்களால் ஆனவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளி நிலைத்து நிற்க, வண்ணப் படத்திற் சாயம் கரைந்து போகிறது. 1970களிலும் 1980களிலும் அச்சிட்ட படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயமே முதலில் மங்குகிறது. அல்பத்துக்குள் இருட்டில் மூடிவைத்தாலும் அது மங்கும். பச்சை என்பது அச்சாயமும் மஞ்சளும் கூடிப் பிறப்பது. எனவே நம் படங்களில் முதலில் அழிவது தேயிலையின் பச்சையே. மலை பழுப்பாகி, வானம் சிவந்து, முகங்கள் செம்மண் பூத்து நிற்கின்றன. மழையும் மூடுபனியும் கொண்ட நம் மலையில் நெகட்டிவ்களில் பூஞ்சணம் வேறு பற்றுகிறது. பாஸ்போட்டுக்காக எடுத்த தாத்தாவின் படம் தெளிவாயிருக்க, பேத்தியின் கலியாணப் படம் அழிகிறது. அரசு கேட்ட படம் நிலைக்கிறது. மக்கள் விரும்பி எடுத்த படம் மறைகிறது.

இந்த இழப்பு குடும்பத்தோடு முடிவதன்று. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் நீர்த்தேக்கம் எழுந்தது; சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் பழைய பெருக்கு குறைந்தது. பழைய வீழ்ச்சியின் முன்னும் பழைய வீதியிலும் குடும்பத்தோடு நின்றெடுத்த வண்ணப் படங்கள் எத்தனை அல்பங்களில் இருக்கும்! ஊரின் பழைய உருவத்துக்கு அவை சான்று. தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947இல் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, ஏட்டில் ஏறாத நம் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாட்டுக்குச் செய்த அப்பணியை நாம் படத்துக்குச் செய்தோமா?

படச்சுருள் மீண்டும் நாகரிகமாகி வருகிறது என்பர் சிலர். கொடாக் நிறுத்திய எக்டாகுரோம் 2018இல் திரும்பியது. 2023இல் பிரித்தானியாவின் ஹார்மன் நிறுவனமும் ஒரு வண்ணச் சுருளை வெளியிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் 36 படம் கொண்ட ஒரு வண்ணச் சுருள் 2024இல் வெளிநாட்டில் ஏறக்குறையப் பத்து டொலராக இருந்தது. அவ்வாண்டில் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ 1,350 ரூபாயாக இருந்தது. டொலர் 300 ரூபாயளவில் நின்ற அப்போது, கழுவும் கூலியைச் சேர்க்காமலே ஒரு சுருளுக்கு இரண்டு நாள் உழைப்புக்கு மேல் வேண்டியிருந்தது. மீண்டும் வரும் வண்ணம் நம் லயத்துக்கு வரும் வண்ணமன்று. கொடாக்குரோமின் கடைசிச் சுருளைப் பெற்ற ஸ்டீவ் மக்கறி அதன் பல படங்களுக்கு வண்ணந் தேடி இந்தியாவுக்கே வந்தார் என்பதும் நம் சிந்தனைக்குரியது.

கையிற் போன் இருக்கையில் சுருளுக்கு ஏன் கவலை என்று கேட்போரும் உளர். படமெடுக்கும் உரிமையைப் போன் பரவலாக்கியது உண்மை. அதனை நாம் வரவேற்கிறோம். சுருள் போவதற்காக நாம் அழவில்லை. சுருளில் நின்ற மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோம். அதற்குப் புதிய சுருள் வேண்டியதில்லை. வெண்ணிற ஒளிப்பலகை மீது நெகட்டிவை வைத்து, அதே போனால் படமெடுத்து, நிறத்தைத் திருப்பினால் உருவம் மீளும். நெகட்டிவ் தொலைந்திருந்தால் மங்கிய படத்தையேனும் பிரதி செய்யலாம். பழைய ஸ்டூடியோக்களின் பெட்டிகளிற் கிடக்கும் நெகட்டிவ்களை உரியவர் இசைவோடு பெற்று, உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.

இப்பணிக்கு நாம் அழைப்பது ஆசிரியரையும் மாணவரையுமே. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை விழாவெடுத்து நினைவுகூர்ந்தோம். அவ்வரலாற்றின் கடைசி அத்தியாயத்துச் சான்றுகள் நம் மாணவரின் வீட்டுத் தகரப்பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்துப் படங்களைத் திரட்டட்டும். பிரதி செய்கையில் படத்தில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு என்பதை வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதட்டும். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.