காலடியில் மரம்

சென்னையில் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளின் விளம்பரங்களில் படுக்கையறைக்கு மரத்தரை போட்டுத் தருவதாக ஒரு வரி தவறாமல் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. கிரானைட்டையும் பளிங்கையும் பெருமையாகப் பதித்தவர்களின் பிள்ளைகள், அமெரிக்காவிலும் கனடாவிலும் தாங்கள் நடந்து பழகிய தரையை இங்கேயும் கேட்கிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால், ஒரு தரை நிலைக்குமா என்பதை வெளியே வீசும் காற்றும் வீட்டுக்குள் புழங்கும் தண்ணீரும்தான் முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தால், மரத்தரையின் சில நிறைகள் நம் சமவெளியில் குறைகளாகிவிடுகின்றன.

முதலில், கடையில் ‘உட்டன் ஃப்ளோரிங்’ என்ற ஒரே பெயரில் மூன்று சரக்குகள் விற்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, முழு மரப் பலகை. ஓக், மேப்பிள், தேக்கு போன்றவற்றைச் சுமார் 19 மி.மீ. கனத்தில் அறுத்து, நாக்கும் காடியுமாகக் கோத்துப் பதிப்பது. இரண்டாவது, இன்ஜினியர்டு பலகை. அடியில் பிளைவுட், மேலே சில மில்லிமீட்டர் மட்டும் அசல் மரம். மூன்றாவது, லேமினேட். மரநாரை அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டி, அதன்மேல் பிசின் பூச்சுக் கொடுத்தது. இதைச் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் கண்டுபிடித்தது. நாம் பார்த்து மயங்கும் அந்த மரவரிகள் அச்சிடப்பட்டவை. முதல் வகையின் புகழைச் சொல்லி மூன்றாவதை விற்பதுதான் இந்த வணிகத்தின் பெரிய குழப்பம்.

முழு மரத்தின் தலையாய சிறப்பு, அதைப் பழுதுபார்க்க முடியும் என்பது. ஒரு டைல் உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று பத்தாண்டு கழித்துக் கிடைக்காது. மரத்தில் கீறல் விழுந்தால் மேற்பரப்பை இழைத்து மறுபடி பாலிஷ் போடலாம். ஒரு தலைமுறைக் காலத்தில் பலமுறை செய்யலாம். இன்ஜினியர்டு பலகை மேலடுக்கின் கனத்தைப் பொறுத்து ஓரிரு முறை தாங்கும். லேமினேட்டை இழைக்கவே முடியாது. தேய்ந்தால் பெயர்த்தெறிய வேண்டியதுதான்.

இன்னொரு சிறப்பு, காலுக்கு இதம். கிரானைட் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான் மரத்துக்கு உண்டு. ஆகவே, அது பாதத்தின் சூட்டை உறிஞ்சுவதில்லை. டொராண்டோவின் ஜனவரியில் இது வரம். வேலூரின் மே மாதத்தில்? பாயைக்கூட உதறிவிட்டு வெறுந்தரையில் முதுகைச் சாய்ப்பவர்களுக்கு, சூட்டை உறிஞ்சும் தரைதான் வேண்டும். நாளெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் மட்டுமே மரத்தின் இந்த இதம் நமக்குப் பயன்படும்.

மிகப் பெரிய சிக்கல் ஈரம். அறுத்துப் பதித்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், வறட்சியில் விடும். அதற்கேற்ப அகலத்தில் விரியும், சுருங்கும். குளிர்நாட்டு வீடுகளுக்கான பலகையை 6 முதல் 9 விழுக்காடு ஈரம் இருக்கும்படி உலர்த்துகிறார்கள். ஐப்பசி மழையில் சென்னைக் காற்றோடு ஒத்துப்போக அது 15 விழுக்காட்டை நெருங்க முயலும். ஆறு விழுக்காடு ஈரம் கூடினாலே 125 மி.மீ. அகலமுள்ள சிவப்பு ஓக் பலகை 2 மி.மீ.க்கு மேல் விரியக்கூடும். பத்தடி அறையில் இப்படி 24 பலகைகள் இருந்தால், ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் இடம் வேண்டும். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் விடும் சிறு இடைவெளி இதற்குப் போதாது. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, ஓரம் தூக்கி, நடுவில் மேடு தட்டும். தேக்கின் விரிவு இதைவிடக் கணிசமாகக் குறைவு. நம் தச்சர்கள் நிலைக்கும் கதவுக்கும் தேக்கையே தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மரம் எந்தத் தட்பவெப்பத்தில் எவ்வளவு ஈரத்தோடு இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. வாங்குபவர்கள் அதைக் கேட்பதில்லை. நிறத்தையும் விலையையும்தான் கேட்கிறார்கள்.

காற்றின் ஈரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். நம் வீட்டுப் பழக்கத்தை என்ன செய்வது? வாளித் தண்ணீரும் மாப்புமாகத் தினமும் துடைப்பது, பண்டிகைக்கு முன் கழுவிவிடுவது, பூஜையறையில் எண்ணெய் சிந்துவது, ஈரக்காலோடு குளியலறையிலிருந்து வருவது எல்லாம் இங்கே இயல்பு. மரத்தரைக்கோ நன்றாகப் பிழிந்த துணிதான் ஆகும். சிந்தியதை உடனே ஒற்றியெடுக்க வேண்டும். இந்தக் கவலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையிலும் வேலைக்கு வரும் அக்காவின் தலையிலும்தான் விழும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023இன் மிக்ஜாம் புயலும் தரைத்தளத்துக்குச் சொன்ன பாடம் இன்னும் கடுமை. டைல் தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி புழங்கலாம். நீரில் ஊறி உப்பிய லேமினேட்டை மீட்க வழியில்லை.

கரையானும் உண்டு. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி அதை எதிர்த்து நிற்கும். ஆனால், ஓரத்து வெள்ளைப் பகுதியும் சாதாரண பிளைவுட்டும் லேமினேட்டின் மரநார் அட்டையும் கரையானுக்கு இரைதான். பலகைக்கு அடியில் நடப்பது மேலே தெரியவும் தெரியாது.

மரம் கிடைக்காமலா நம் முன்னோர் காலடியில் அதைப் போடாமல் விட்டார்கள்? செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதைத் தூணாக, கதவாக, உத்திரமாக நிறுத்திவிட்டு, நடக்கும் இடத்துக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பதித்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலை உச்சம் தொட்டிருக்கிறது. ஆனால், அங்கே கண்ணாடிபோல் மின்னும் அந்தப் பேர்பெற்ற கருந்தரை மரமல்ல, அரைத்துப் பூசி மெருகேற்றிய காரை. மரத்தைத் தரையாக்கியது பெரும்பாலும் மச்சுகளிலும், ஊட்டி போன்ற குளிர்ந்த மலைகளில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களிலும்தான். பணமும் மரமும் கையிலிருந்தும் இந்தத் தேர்வைச் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சூழல் கணக்கும் இருபக்கம் கொண்டது. மரம் கரிமத்தைத் தன்னுள் தேக்கிவைக்கிறது. சூளையில் சுட்டெடுக்கும் டைலைவிட அந்த வகையில் மேல். ஆனால், எந்தக் காட்டு மரம்? மியான்மர் 2014இல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. எனவே, ‘அசல் பர்மா தேக்கு’ என்ற பெருமைக்குப் பின்னால் விசாரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. இடித்த வீட்டு மரம் நல்ல மாற்று. நம் ஊர்க் காற்றிலேயே பல்லாண்டு பதப்பட்டது. அதற்கான கிராக்கி ஏறினால், நிற்கும் பழைய வீட்டையும் பிரித்து விற்கத் தூண்டும் என்பது அதிலுள்ள ஆபத்து.

ஆகவே, மரத்தரையே கூடாது என்பது என் முடிவல்ல. மாடி வீட்டின் படுக்கையறை, படிப்பறை, நடனம் பழகும் அறை ஆகியவற்றுக்குத் தேக்கு மேலடுக்கு கொண்ட, குறுகிய அகலமுள்ள இன்ஜினியர்டு பலகை பொருந்தும். பதிப்பதற்குச் சில நாள் முன்பே அந்த அறையில் அடுக்கிவைத்து, ஈரமானியால் கான்கிரீட்டையும் பலகையையும் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். லேமினேட்டைச் சில ஆண்டுச் செலவுப்பொருளாகக் கருதி வாங்குவதானால் அதில் ஏமாற்றமில்லை. சமையலறை, பூஜையறை, தரைத்தளம் மூன்றிலும் எந்த வகையும் வேண்டாம். தரையைத் துடைக்கும் முறையை மாற்றிக்கொள்ள வீட்டார் அனைவரும் சம்மதிக்கிறார்களா என்று விலை பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்ளட்டும். சம்மதமில்லை என்றால் டைலே போடலாம். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது தாழ்ந்த தேர்வு ஆகாது.